இருநூற்று அறுபத்தெட்டு வெள்ளிக்கு ஓர் இலவசம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜூன் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, ஜாசினில் இருக்கும் என் மாமா, வேன் கடனுக்கு வங்கி வருமான வரிப் பாரம், அதாவது படிவம், கேட்கிறது என்று சொன்னார். மாமா என் அம்மாவின் தம்பி. பள்ளி வேன் ஓட்டுகிறார்.
2. வழக்கமாக அவருக்கு வரிக் கணக்கு எழுதித் தரும் அக்காவிடம் போக வேண்டாம், நானே இலவசமாகச் செய்து தருகிறேன் என்றேன்.
3. இலவசம் என்று விளம்பரம் செய்த ஒரு செயலியை மாமாவின் போனில் இறக்கி, என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தேன்.
4. ஓராண்டு ரசீதுகளை எல்லாம் படம் எடுத்து அதில் ஏற்றினோம்.
5. திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மாமா போன் செய்து, ஒரு நம்பர் வந்திருக்கும், அனுப்பு என்றார். அனுப்பினேன்.
6. மாமாவின் வங்கிக் கணக்கிலிருந்து 268 ரிங்கிட், எங்கள் பேச்சில் 268 வெள்ளி, போனது.
7. வரிக் கணக்கு சமர்ப்பிக்கப்படவில்லை.

இதை முதலில் எழுதிய அன்று ஆறாவதற்கு அடியில் கோடு போட்டேன். இப்போது பார்க்கும்போது கோடு ஐந்தாவதற்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

மென்பொருள் சோதனை என் வேலை. மலாக்காவில் ஒரு நிறுவனத்தில், எழுதப்பட்ட ஒரு நிரல் தான் செய்வதாகச் சொல்வதைச் செய்கிறதா, சொல்லாத எதையாவது செய்கிறதா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். சந்தேகப்படுவது பழகிவிட்டது. பாச்சாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில்கூட ரசீதை ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. கடைக்காரர் தப்பாக நினைப்பார் என்பார்.

மாமாவின் நிலைமை இதுதான். இரண்டு தோட்டங்களிலிருந்தும் ஒரு தாமான் குடியிருப்பிலிருந்தும் இருபத்திரண்டு பிள்ளைகளை இரண்டு நடையாகப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறார். வேன் பழையது. ஆண்டுக்கு இரண்டு முறை அதைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த சோதனையில் தேறாது, அடிச்சட்டமே துருப்பிடித்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லிவிட்டார். சுங்கை ரம்பாயில் ஒருவர் வேன் ஓட்டுவதை நிறுத்துகிறார். அவருடைய வேன் நல்ல நிலையில் இருந்தது. ஜொகூர் பக்கத்திலிருந்து இன்னொருவரும் அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மாதக் கடைசி வரை மாமாவுக்காக வைத்திருப்பதாகப் பேச்சு. வங்கியில் பேசிய அதிகாரி, அடுத்த வியாழக்கிழமைக்குள் இந்த ஆண்டு வரிப் பாரமும் அதைச் சமர்ப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டும் வந்தால் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல முடியும் என்றிருந்தார். அந்த நாள் தவறினால் வேன் கிடைக்காது. வேன் இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் காத்திருக்க முடியாது, வேறு வேனில் ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை அந்தப் பிள்ளை திரும்பி வராது. மாமாவுக்கு வேறு தொழில் கிடையாது.

சனிக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது அத்தை வாசலிலேயே கேட்டார்.

“பசியாறிட்டியா? தோசை இருக்கு.”

“ஆச்சு அத்தை. கோப்பி மட்டும் குடுங்க.”

மாமா மேசையில் வங்கியின் கடிதத்தை விரித்து வைத்திருந்தார். “அந்த அக்காகிட்ட குடுத்தா ரெண்டு நாளுல முடிச்சிருவாங்கம்மா. அஞ்சு வருஷமா அவங்கதானே செய்றாங்க.”

“எவ்வளவு வாங்குறாங்க?”

“இருநூறு வெள்ளி.”

“எதுக்கு மாமா இருநூறு? வரி இலாகா வெப்சைட்ல போடுறதுக்குக் காசே கிடையாது.”

“அப்ப அதுலயே போடேன்.”

சரியான பதில். அன்றே அப்படிச் செய்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. என் சொந்தக் கணக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் இலாகாவின் தளத்தில்தான் போடுகிறேன். பத்து நிமிட வேலை. ஆனால் மாமாவுடையது சொந்தத் தொழில். அதற்கு வேறு பாரம். வரவு, செலவு, டீசல், டயர், காப்புறுதி எல்லாம் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். அந்தச் செயலியின் விளம்பரம், ரசீதைப் படம் எடுத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், முழுக்க இலவசம் என்றது. அன்று காலை பாச்சாங்கில் இருக்கும்போதே என் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து பார்த்திருந்தேன். சந்தேகப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த அக்காவை நான் நம்பவில்லை. ஜாசின் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருப்பவர். எந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று மாமாவுக்கு அவர் விளக்கிச் சொன்னதே இல்லை. கையெழுத்துப் போடச் சொல்வார், மாமா போடுவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது, சந்தேகப்பட.

அத்தை கோப்பியை வைத்துக்கொண்டே சொன்னார், “சும்மா குடுக்கிறவன் யாருலா இந்தக் காலத்துல?”

“விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பாங்க அத்தை.”

எந்த ஆதாரமும் இல்லாமல் அதைச் சொன்னேன். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

செயலி தொலைபேசி எண் கேட்டது. என் எண்ணைப் போட்டேன். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பாரத்திலும் என் எண்தான். நான் பதினாறு வயதில் பள்ளியில் படிவம் நான்கு படித்த காலத்தில் தொடங்கியது. மின்சாரக் கட்டணம், கோயில் உறுப்பியம், தம்பி தங்கைகளின் பள்ளிச் செயலி, அம்மாவின் கிளினிக், மாமாவின் வங்கி அட்டை. மாமா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், முன்பு ஒரே தோட்டத்தில் வேலை செய்த இரண்டு குடும்பங்களுக்கும் நான்தான். மொத்தம் பதினொரு பேர். அவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், முன்கட்டணம் தீர்ந்துவிடும், போன் தண்ணீரில் விழும். என் எண் மாறாது. எனவே யாராவது எங்காவது எதையாவது திறந்தால் ஆறு இலக்க எண் எனக்கு வரும். உடனே ஒரு அழைப்பு வரும்: நம்பர் வந்துச்சா? நான் அந்த ஆறு இலக்கத்தை வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்புவேன். பத்து ஆண்டுகளாக அனுப்பி வருகிறேன். கூட்டத்தில் இருந்தாலும் மேசைக்கு அடியில் அனுப்பிவிடுவேன்.

ரசீதுகளை அத்தை பனிக்கூழ் டப்பாக்களில் வைத்திருந்தார். வேனில் கிடந்தால் வெயிலில் எழுத்து மறைந்துவிடும் என்று தினமும் மாலையில் எடுத்து வந்துவிடுவாராம். மாதத்துக்கு ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு. எண்ணெய் நிலையத்து ரசீதையும் அட்டையில் பணம் கட்டிய சீட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்திருந்தார். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுத் தாள் இருந்தது. நான் வளையங்களைக் கழற்றினேன், பின்களைப் பிரித்தேன், துண்டுத் தாள்களை ஓரமாக ஒதுக்கினேன்.

“ரெண்டையும் தனித்தனியா எடுக்கணுமா?” என்றார் அத்தை.

“எல்லாத்தையும் எடுத்துருவோம் அத்தை. அதுவே பிரிச்சுக்கும்.”

மதியம் வரை ஆனது. ஒவ்வொரு படத்துக்கும் திரையில் ஒரு பலூன் பறந்தது. மாமாவுக்கு அது பிடித்துப்போய், பலூன் வரும்போதெல்லாம் “பறக்குது, பறக்குது” என்றார். இடையில் மூன்று முறை செயலி வங்கி அட்டை விவரம் கேட்டது. அடையாளச் சரிபார்ப்புக்கு மட்டும், பணம் எடுக்கப்படாது என்றது. முதல் முறை ‘பிறகு’ என்ற சொல் பொத்தானில் இருந்தது. இரண்டாம் முறை சாம்பல் நிற எழுத்தில் மூலையில் இருந்தது. மூன்றாம் முறை தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று முறையும் ‘பிறகு’ என்றே அழுத்தினேன். என் போனின் குறிப்பில் எழுதியும் வைத்தேன்: அட்டை கேட்கிறது, மூன்று முறை, கவனம்.

மாமாவிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் இல்லை என்கிறார். குறிப்பில் ‘மாமாவிடம் சொல்லவும்’ என்ற வரி இல்லை. என் வேலையில் எழுதப்படாதது நடக்காதது. எனவே சொல்லவில்லை என்றே கொள்கிறேன்.

கடைசியில் அறிக்கை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தயாராகும் என்று செயலி சொன்னது. நான் பாச்சாங்குக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை மாமா காலை நடை இரண்டையும் முடித்துவிட்டுப் பள்ளிக்கு வெளியே வேனில் உட்கார்ந்திருந்தபோது, அறிக்கை தயார், இப்போதே திறக்கலாம் என்று போனில் வந்திருக்கிறது. திறந்திருக்கிறார். அட்டை எண் கேட்டிருக்கிறது. பர்ஸை எடுத்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். பிறகு என்னை அழைத்தார். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன்.

“நம்பர் வந்திருக்கும், அனுப்பும்மா.”

“எதுக்கு மாமா?”

“அதான், உன்னோட ஏப்பு, பலூன் பறக்குமே. பேப்பர் ரெடியாம்.”

அனுப்பினேன்.

மதிய உணவு வேளையில்தான் அடுத்த செய்தியைப் பார்த்தேன். மாமாவின் அட்டையிலிருந்து 268 ரிங்கிட். அதற்கு மேலே காலையில் வந்த செய்தி. ஆறு இலக்கங்களுக்கு முன்னாலேயே, முதல் வரியிலேயே, அந்தத் தொகை இருந்தது. எவருக்குப் போகிறது என்பதும் இருந்தது. யாருடனும் இந்த எண்ணைப் பகிர வேண்டாம் என்பதும் இருந்தது.

மாமாவை அழைத்தேன்.

“கார்டு நம்பர் போட்டீங்களா மாமா?”

“கேட்டுச்சு, போட்டேன்.”

“இருநூத்தி அறுபத்தெட்டு வெள்ளி போயிருச்சு.”

மாமா வேனின் எஞ்சினை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “நீதானம்மா நம்பர் அனுப்பின? பாத்துட்டுத்தானே அனுப்பியிருப்பேன்னு நெனச்சேன்.”

எனக்கு அது ஆறு இலக்கம். அவருக்கு அது என் சம்மதம். பத்து ஆண்டுகளாகப் பதினொரு பேரும் அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறார்கள், நான் படித்துப் பார்க்கிறேன் என்று. சந்தேகப்படுவதையே வேலையாகச் செய்யும் நான் ஒரு செய்தியைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

அன்று மாலை செயலியை வேலையில் சோதிப்பது போலச் சோதித்தேன். புதிதாக இரண்டு கணக்குகள் திறந்தேன். இரண்டாவது கேள்வி, சொந்தத் தொழில் உண்டா என்பது. ஒன்றில் இல்லை என்றேன். மற்றொன்றில் ஆம் என்றேன். இல்லை என்றதில் ‘இலவசம்’ என்ற பச்சைச் சொல் திரையின் மேல் மூலையில் கடைசிவரை இருந்தது. ஆம் என்றதில் அடுத்த திரையிலேயே அது காணாமல் போனது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. விலை என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். விதிமுறைப் பக்கத்தை அடிவரை படித்தேன். பதிவு செய்வதும் ரசீது ஏற்றுவதும் இலவசம். தொழில் வருமானம் உள்ளவர்கள் அறிக்கையைத் திறக்க 268. அதைச் சமர்ப்பித்து ஒப்புகை பெற்றுத் தர இன்னும் 150. ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வைத்தேன். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது, எங்கள் மனநிலையைப் புரிந்துகொள்வதாக. ஒரு நிமிடத்தில் எந்த மனிதரும் அதைப் படித்திருக்க முடியாது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே ஜாசினுக்குப் போனேன். பணம் கட்டியாகிவிட்டது, அறிக்கையையாவது பயன்படுத்தலாம், சமர்ப்பிப்பதை இலாகாவின் தளத்தில் நானே செய்துவிடலாம் என்பது திட்டம். மாமா வீட்டில் இணையம் இல்லை. என் போனின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்துவிட்டுப் போனை மேசையில் வைத்தேன். அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து அவர் என்னிடம் தானாக எதுவும் பேசவில்லை.

போன் ஒளிர்ந்தது. அத்தை குனிந்து படித்தார்.

“ஹடியான்னு போட்டிருக்கு. இருபது வெள்ளி ஹடியா உனக்கு. எதுக்கும்மா இது?”

எடுத்துப் பார்த்தேன். அதே செயலி. நான் அழைத்து வந்த நண்பர் கட்டணத் திட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். அதற்கு இருபது ரிங்கிட் பரிசாம். நண்பர் என்பது மாமா.

சனிக்கிழமை நான் செய்தது புரிந்தது. மாமாவின் கணக்கைத் திறக்கும்போது எண் ஏற்கெனவே உள்ளது என்று அது சொன்னது. ‘குடும்பத்தினரைச் சேர்’ என்ற பொத்தானைக் காட்டியது. அழுத்தினேன். அது சேர்ப்பு அல்ல, அழைப்பு. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கூலி. இதை அத்தையிடம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே நம்பும்படி இல்லை.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“சத்தியமா தெரியாது அத்தை.”

“கம்ப்யூட்டர் படிச்ச உனக்குத் தெரியாது. வேன் ஓட்டுற மனுஷனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கணுமா?”

“அந்தக் காசை வெளிய எடுக்கவே முடியாது. அவங்ககிட்டயே திருப்பிக் கட்டத்தான் முடியும்.”

“அப்ப அடுத்த தடவ உனக்குத் தள்ளுபடி.”

மாமா உள்ளே வந்தார். “விடுலா. பிள்ளை இருபது வெள்ளிக்கா இதைச் செய்யும்?”

“செய்யும்னு நான் சொன்னேனா? செஞ்சிருக்குன்னு போன்ல போட்டிருக்கு. அதைத்தான் படிச்சேன்.”

அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். இன்னும் கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

அறிக்கையைத் திறந்தேன். நிகர வருமானம் மிகக் குறைவாக இருந்தது. வங்கி அதிகாரி இதைப் பார்த்தால் கடன் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. டீசல் செலவை மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

“அவ்வளவு எண்ணெய் ஊத்துனா நான் பிள்ளைங்கள கப்பல்லதான் ஏத்திக்கிட்டுப் போகணும்.”

பத்து ரசீதுகளை டப்பாவிலிருந்து எடுத்துச் செயலியின் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஏழு இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தன. எண்ணெய் நிலையத்து ரசீது ஒரு செலவு, அதற்கே அட்டைச் சீட்டு இன்னொரு செலவு. அத்தை சேர்த்துப் பின் அடித்திருந்தவற்றைப் பிரித்துப் படம் எடுக்கச் சொன்னது நான். அதை அப்படியே சமர்ப்பித்திருந்தால் வேனும் போயிருக்கும், பொய்க் கணக்கு எழுதியதாகவும் ஆகியிருக்கும். மறுநாள் வியாழக்கிழமை.

செயலியை மூடினேன். கையால் கூட்டுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு தகவல் வேண்டியிருந்தது. பழைய வேனின் விலையில் ஆண்டுதோறும் எவ்வளவு கழித்து வந்தார்கள், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது முந்தைய ஆண்டுகளின் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு அந்த அக்காவிடம் இருந்தது.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். காலையில் மாமா என்னை அந்தக் கடைவீட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டார். அவர் மேலே வரவில்லை, வெட்கம். படியேறும்போது என்னென்ன நடக்கலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கோப்பு இல்லை என்று சொல்லலாம். இந்த ஆண்டுக் கூலியைக் கொடுத்தால்தான் தருவேன் எனலாம். நாளை வா எனலாம்.

மாடியில் ஒரு மேசை, ஒரு நகல் இயந்திரம், சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டை. தொழில் பாரம் 200. சம்பளப் பாரம் 60. நகல் ஒரு பக்கம் 50 காசு. ஐம்பதைத் தொடும் பெண், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“வாங்க. பள்ளி வேன்காரர் மருமக இல்ல? அவரு வரலையா?”

“கீழ வேன்ல இருக்காரு அக்கா.”

“இந்த வருஷம் ஃப்ரீயா செஞ்சீங்களாமே. உங்க அத்தை பாசார்ல சொன்னாங்க.”

“ஆமா.”

“எவ்வளவு ஆச்சு, ஃப்ரீ?”

“இருநூத்தி அறுபத்தெட்டு.”

அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த அட்டையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “அப்ப நான்தான் கம்மியா வாங்குறேன்.”

மூன்று ஆண்டுக் கணக்கின் நகல் கேட்டேன். அலமாரியைத் திறந்து ஒரு நிமிடத்தில் கோப்பை எடுத்துவிட்டார். எட்டுப் பக்கம். நான்கு ரிங்கிட். கொடுக்கும்போது ஒரு வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

“பழைய வேனுக்குக் கழிக்கிறதெல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சிருச்சு. இந்த வருஷம் அந்த இடத்துல சைபர். மறந்துபோய்ப் போட்டுறாதீங்க.”

செயலி அந்த இடத்தில் ஒரு தொகையைப் போட்டிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. நான்கு ரிங்கிட்டுக்கு ரசீது எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போது அந்த ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் அச்சடிக்கப்படவில்லை.

வீட்டில் அத்தை டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தார். முதல் கட்டைப் பிரித்து நான் கூட்டத் தொடங்கியபோது அவர் ஒரு பிளாஸ்டிக் பையை என் பக்கமாகத் தள்ளினார். சனிக்கிழமை நான் ஒதுக்கிய துண்டுத் தாள்கள். பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயர், டீசல், ரிப்பேர், மற்றவை, கூட்டுத்தொகை, அத்தையின் கையெழுத்தில்.

“இது என்ன அத்தை?”

“மாசம் முடிஞ்சதும் நான் கூட்டி வைப்பேன். அந்த அக்கா கேப்பாங்க. நீதான் அன்னைக்குத் தூக்கி அந்தப் பக்கம் வச்ச.”

ரசீது இல்லை என்பதால் ஒதுக்கியிருந்தேன். படித்துப் பார்க்கவில்லை. மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்து ரசீதுகளோடு சரி பார்த்தேன். இரண்டு அப்படியே பொருந்தின. ஒன்றில் எண்பது காசு வித்தியாசம். எண்பது காசை அத்தை விடவில்லை. மறுபடி எண்ணி, வேன் நிறுத்தியதற்கான சீட்டு ஒன்று என் கைக்கு அடியில் கிடப்பதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு பன்னிரண்டு தாள்களையும் அவர் படிக்கப் படிக்க நான் தட்டச்சு செய்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இலாகாவின் தளத்தில் மாமாவின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. எண் என் போனுக்கு வந்தது. எடுத்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை சத்தமாகப் படித்தேன். பிறகு இரண்டாம் முறையும் படித்தேன்.

“இப்பத்தான் படிக்கத் தெரியுதா?” என்றார் அத்தை.

சமர்ப்பித்தேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் என்று கடைசிப் பக்கம் வரை எதிர்பார்த்தேன். டவுனில் எழுதுபொருள் கடையில் அச்சடித்து, மாமா இரண்டாம் நடைப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் அதே வேனில் வங்கிக்குப் போனோம். கதவு மூட இருபது நிமிடம் இருந்தது. அதிகாரி சீட்டின் எண்ணைத் தன் கணினியில் தட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மாமா தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். “சரி” என்றார் அதிகாரி. அடுத்த கேள்வியாகப் பழைய வேனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் அதிகாரியின் கணினியைப் பார்த்தேன். அது அவர் வேன்.

“பழைய இரும்புக்குக் குடுத்துருவேன் சார்,” என்றார் கடைசியில்.

இப்போது நிலைமை இது. வங்கி மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கடனுக்கு ஒப்புதல் தந்தது. சுங்கை ரம்பாய் வேன் மாமாவின் பெயருக்கு மாறிவிட்டது. இரண்டு நடையும் அதில்தான் ஓடுகிறது, இருபத்திரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 268 ரிங்கிட் திரும்பி வரவில்லை. சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று செயலி நிறுவனம் எழுதிவிட்டது. வங்கியில் கொடுத்த புகார் ஆய்வில் இருக்கிறது. அந்தத் தொகையை மாதம் ஐம்பதாக மாமாவுக்குக் கொடுத்து வருகிறேன். அவர் வேண்டாம் என்கிறார், அத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார். ரசீதுப் படங்களை அழிக்கச் சொல்லிக் கேட்டதற்குப் பதில் இல்லை. பதினொரு பேரில் ஏழு பேரை அவரவர் சொந்த எண்ணுக்கு மாற்றிவிட்டேன், நான்கு பேர் மறுக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாமா அந்த அக்காவிடம் போகிறார். நான் ஆட்சேபிக்கவில்லை. அந்த இருபது வெள்ளியைப் பற்றி அத்தை என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது.